கடலில் காணாமல் போனவருக்கு இறந்த தேதி எது?

ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். இன்று காலை போன படகு நாளை காலை ஜெட்டிக்கு வந்துவிடும். பாக் நீரிணையில் தொழில் பெரும்பாலும் ஓர் இரவுக் கணக்குதான். அந்தக் கணக்கில் ஓர் ஆள் குறைந்தால் கரையில் இருப்பவர்களுக்கு மூன்றாம் நாளே விஷயம் விளங்கிவிடும். ஆனால் வாரிசுச் சான்று கேட்டுத் தாலுகா அலுவலகம் போனாலும், சேமிப்புக் கணக்கை முடிக்க வங்கிக்குப் போனாலும், காப்பீட்டுப் பணம் கேட்டுப் போனாலும் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பாடி கிடைக்கலைல்ல? அப்ப ஏழு வருஷம் ஆகட்டும்மா."

இந்தப் பதிலில் பாதி சரி, பாதி தவறு. தவறான அந்தப் பாதிதான் பாம்பன் முதல் தொண்டி வரை பல குடும்பங்களைத் தேவையில்லாமல் காக்க வைக்கிறது.

ஒருவர் செத்துப்போனால் குற்றவியல் சட்டம் கேட்பது, யார் காரணம் என்று. ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல், உறவு, சொத்து ஆகியவற்றைப் பார்க்கும் உரிமையியல் சட்டத்துக்கு அந்தக் கேள்வி இரண்டாம்பட்சம். வீடு யாருக்கு, கடன் யார் தலையில், திருமணம் நிற்கிறதா முடிந்ததா, நஷ்டஈடு யாருக்கு என்பதே அதன் கவலை. மரணம் என்றால் என்ன என்று 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் சொல்கிறது. மூளைச்சாவு பற்றி 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் சொல்கிறது. சொத்துச் சட்டங்களோ அதற்குள் போவதே இல்லை. அவற்றுக்கு வேண்டியவை இரண்டு: நிரூபிக்கும் சுமை யார் மேல், இறந்த தேதி எது. உடல் கிடைத்து மருத்துவர் சான்று கொடுத்துவிட்டால் இரண்டும் ஒரே தாளில் முடிந்துவிடும். உடல் கிடைக்காத கரையில்தான் சட்டத்தின் தையல்கள் வெளியே தெரிகின்றன.

ஏழு ஆண்டு எங்கிருந்து வந்தது

1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 107, 108 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. 2024 ஜூலை 1 முதல், அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் அவை 110, 111 ஆகியிருக்கின்றன. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் மாறவில்லை. முதல் பிரிவின்படி, ஒருவர் கடந்த 30 ஆண்டுகளுக்குள் உயிரோடு இருந்தார் என்று காட்டப்பட்டால், அவர் இறந்துவிட்டார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். அடுத்த பிரிவு அதற்கு விதிவிலக்கு. அவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குச் செய்தி வந்திருக்குமோ, அவர்களுக்கு 7 ஆண்டுகளாக எந்தச் செய்தியும் வரவில்லை என்றால் சுமை இடம் மாறுகிறது. இப்போது 'அவர் உயிரோடு இருக்கிறார்' என்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இந்த 7, இங்கிலாந்துச் சரக்கு. 1604-இல் வந்த இருதார மணச் சட்டத்திலும், 1666-இல் குத்தகை நிலங்களுக்காக வந்த ஒரு சட்டத்திலும் இது இருக்கிறது. கடல் கடந்து போய் 7 ஆண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கணக்கில் கொள்ளலாம் என்றது 1666-ஆம் ஆண்டுச் சட்டம். பாய்மரக் கப்பலில் கிழக்கே போனவர் திரும்பவோ கடிதம் அனுப்பவோ ஆண்டுகள் பிடித்த காலத்தில் அந்த எண்ணுக்கு ஒரு நியாயம் இருந்தது. இடம் காட்டும் ஜி.பி.எஸ்., கரையோடு பேசும் வி.எச்.எஃப். கருவிகளோடு போய் மறுநாள் கரை திரும்பும் படகுக்கும் அதே எண்தான் என்பது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

நம் பழைய மரபுகளில் வேறு எண்கள் இருந்தன. இந்து தர்ம சாத்திர வழக்கில் 12 ஆண்டு காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்வார்கள். இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபியில், காணாமல் போனவர் பிறந்து 90 ஆண்டு ஆகும்வரை உயிரோடு இருப்பவராகவே கருதப்படுவார் என்ற கருத்து செல்வாக்கோடு இருந்தது. 1884-இல் அலகாபாத் உயர் நீதிமன்ற முழு அமர்வு, இது நிரூபணம் பற்றிய கேள்வி, ஆகவே மத மரபை விடுத்துச் சாட்சியச் சட்டத்தையே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தது. அன்று முதல் கீழக்கரை மரைக்காயர் வீட்டுக்கும் தங்கச்சிமடத்துக் கத்தோலிக்க வீட்டுக்கும் ராமேஸ்வரத்து இந்து வீட்டுக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே விதி. மற்ற விஷயங்களில் அப்படி இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

'இயல்பாகச் செய்தி வந்திருக்க வேண்டியவர்கள்' என்ற சொற்றொடருக்கு இந்தக் கடலில் தனிக் கனம் உண்டு. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் மன்னாரிலோ ஊர்க்காவற்றுறையிலோ நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். பெயர்ப் பட்டியல் ஓரிரு நாளில் மீனவர் சங்கத்துக்கு வந்துவிடும். அதனால்தான் இங்கே மௌனம் வெறும் மௌனம் அல்ல. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதது தானே ஒரு சாட்சியம். மாறாக, கடன் தொல்லையால் ஊரைவிட்டு ஒதுங்கியவர் என்றால் அவரது மௌனத்துக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று நீதிமன்றம் யோசிக்கும்.

காத்திருக்கச் சொல்லவில்லை சட்டம்

இனி அந்தத் தவறான பாதிக்கு வருவோம். 7 ஆண்டு முடியும்வரை யாரையும் இறந்தவர் என்று சொல்லக்கூடாது என எந்தப் பிரிவும் சொல்லவில்லை. 7 ஆண்டு என்பது சுமை இடம் மாறும் புள்ளி மட்டுமே. அதற்கு முன்பு சுமை குடும்பத்தின் மேல் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சுமையைச் சாட்சியம் வைத்து இறக்கிவிட முடிந்தால் இரண்டாம் ஆண்டிலும் நீதிமன்றம் 'இறந்துவிட்டார்' என்று தீர்மானிக்கலாம். உரிமையியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். வாடைக் காற்றில் வல்லம் கவிழ்ந்ததைக் கூட இருந்தவர் பார்த்திருக்கிறார், கடலோரக் காவல் படை தேடியிருக்கிறது, நீந்திச் சேரும் தூரத்தில் கரை இல்லை என்றால், அது 7 ஆண்டு மௌனத்தைவிட வலுவான சாட்சியம்.

இதில் கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் அரசுச் சட்டத்தைவிடத் தெளிவாக இருக்கிறது என்பேன். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1707-ஆம் விதிப்படி, காணாமல் போன துணைவர் இறந்துவிட்டார் என்று ஆயர் அறிவிக்கலாம். ஆனால் எவ்வளவு நீண்ட பிரிவும் தனியாகப் போதாது. சாட்சிகள், ஊர்ப் பேச்சு, சூழ்நிலை ஆகியவற்றால் உறுதி ஏற்பட வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே மனு செய்யும் தங்கச்சிமடத்துப் பெண்ணிடம் யாரும் ஆண்டுகளை எண்ணச் சொல்ல மாட்டார்கள்.

சாட்சியத்தை நம்புவதில் இன்னொரு ஆதாயம் தேதி. 7 ஆண்டு அனுமானம், ஒருவர் இறந்துவிட்டார் என்று மட்டுமே சொல்லும். எப்போது இறந்தார் என்று சொல்லாது. ஆங்கிலேயர் காலத்தில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலின் நாள் முதல் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இது. 2004-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்கும் அனுராதா என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பணக் கணக்காகவே மாற்றிக் காட்டியது. இறந்துவிட்டார் என்ற அனுமானம், அந்தக் கேள்வி நீதிமன்றத்தில் எழும்போதுதான் பிறக்கிறது. காணாமல் போன நாளில் அல்ல. ஆகவே இடைப்பட்ட காலத்தில் பிரீமியம் கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகிவிடும். சம்பாதிப்பவர் போய்விட்டார், வருமானம் நின்றுவிட்டது, ஆனாலும் அவர் உயிருக்கு 7 ஆண்டு பிரீமியம் கட்ட வேண்டும். சட்டப்படி தர்க்கம் சரிதான். மூக்கையூரிலோ தேவிபட்டினத்திலோ அதைக் கட்டப்போவது யார் என்பதற்கு அந்தத் தர்க்கத்தில் பதில் இல்லை.

இப்போது மனிதரை விட்டுவிட்டுப் படகைப் பாருங்கள். 1963-ஆம் ஆண்டின் கடல் காப்பீட்டுச் சட்டத்தில், ஒரு கப்பல் காணாமல் போய் 'நியாயமான காலம்' கடந்தும் செய்தி இல்லை என்றால் அது முழுமையாக இழக்கப்பட்டதாக அனுமானிக்கலாம். ஏழும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. சூழ்நிலையைப் பார்த்து நியாயமான காலம். வணிகக் கப்பல் மாலுமிகளின் சம்பள பாக்கிக்காக 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தில், துறைமுகம் விட்டுப் போய் 12 மாதம் செய்தியில்லாத கப்பல் ஆட்கள் அனைவரோடும் மூழ்கியதாகக் கொள்ளப்படும் என்று எழுதிவைத்தார்கள். ஆக, ஒரே கடலில் ஒரே இரவில் மறைந்தாலும் பலகையும் இன்ஜினும் சட்டத்தின் பார்வையில் சீக்கிரம் சாகின்றன. அதில் இருந்த ஆள் வெகுநாள் உயிரோடு இருக்கிறார்.

அரசு மனம் வைத்தால் 7 ஆண்டு கரைந்துபோகும் என்பதற்கும் சான்று உண்டு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களுக்கு விசாரணை நடத்தி இறப்புச் சான்று கொடுக்கத் தனி நடைமுறை வகுத்தார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் காணாமல் போன கன்னியாகுமரி மீனவர்களுக்கும் காத்திருப்பு தளர்த்தப்பட்டது. ஊரே கலங்கினால் உத்தரவு வருகிறது. கடலில் வலை இழுக்கும்போது தவறி விழுந்த ஒரே ஆளுக்கு அப்படி எந்த உத்தரவும் வருவதில்லை. அவர் மனைவி தாலுகா அலுவலகப் படிக்கட்டில்தான் நிற்க வேண்டும்.

ஒரே படகு, மூன்று மனைவிகள்

ஒரு விசைப்படகில் ஓர் இந்து, ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவர் போனார்கள், மூவரும் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கரையில் இது கற்பனைக்காகச் செய்த கலவை அல்ல. மூவருக்கும் மனைவி, பிள்ளைகள், தாய் இருக்கிறார்கள்.

மறுமணம் செய்ய வேண்டுமானால் முஸ்லிம் பெண்ணுக்கு வழி சீக்கிரம் திறக்கிறது. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி, கணவர் இருக்குமிடம் 4 ஆண்டுகளாகத் தெரியாவிட்டால் தீர்ப்புப் பெறலாம்; அது 6 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும், அதற்குள் அவர் வந்துவிட்டால் ரத்தாகும். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டமும் 7 ஆண்டு கேட்கின்றன. அதாவது ஐந்தாம் ஆண்டில் அந்த முஸ்லிம் பெண் திருமணக் கேள்விக்குக் கணவர் இல்லாதவர். வாரிசுக் கேள்விக்கு, வேறு சாட்சியம் இல்லையென்றால், கணவர் உயிரோடு இருப்பவர்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 7 ஆண்டு காணாமல் போனவரின் துணைவர் மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம் ஆகாது என்று தண்டனைச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. புதிய துணைவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பலர் இதை நம்பி நீதிமன்றம் போகாமலே தாலி கட்டிக்கொள்கிறார்கள். அந்த விதிவிலக்கு சிறையிலிருந்து காப்பாற்றும், திருமணத்தைக் காப்பாற்றாது. முதல் கணவர் என்றைக்காவது திரும்பி வந்தால் இரண்டாம் திருமணம் செல்லாது. விவாகரத்துத் தீர்ப்பு வாங்கியிருந்தால் அந்த ஆபத்து இல்லை.

சொத்துக்கு வந்தால் மூன்று வீடும் மூன்று திசை. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து மனைவி, ஒவ்வொரு பிள்ளை, தாய் என்று சம பங்காகும். தந்தை முதல் வரிசையில் இல்லை. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளை இருந்தால் மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. மீதியில் மகனுக்கு இரண்டு மடங்கு, மகளுக்கு ஒரு மடங்கு. கிறிஸ்தவருக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு 1/3, பிள்ளைகளுக்கு 2/3, பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு ஒன்றுமில்லை. மகன் சம்பாத்தியத்தில் வாழ்ந்த மூன்று தாய்மாரில் ஒருவர் வெறுங்கையோடு நிற்பது ஏன் என்று கேட்டால், 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குடும்பத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதைத் தவிர வேறு நல்ல காரணம் என்னிடம் இல்லை.

பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தால் இன்னொரு வித்தியாசம். இந்துத் தாய் கணவருக்குப் பிறகு பிள்ளையின் இயற்கைக் காப்பாளர். ஆனாலும் பிள்ளையின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். முஸ்லிம் தாய்க்குப் பிள்ளையை வளர்க்கும் உரிமை உண்டே தவிர, பிள்ளையின் சொத்துக்கு அவர் காப்பாளர் அல்ல என்று 1918-இல் பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. நீதிமன்றம் நியமிக்காமல் அவர் விற்றுக்கொடுத்த வீட்டை வாங்கியவர்கள் பின்னால் வழக்கில் மாட்டுகிறார்கள்.

அன்றைக்கு மனைவி கர்ப்பமாக இருந்தால்? இதில் மூன்று சட்டங்களும் ஒத்துப்போகின்றன. தந்தை இறந்தபோது வயிற்றில் இருந்த பிள்ளை பிறகு உயிரோடு பிறந்தால், முன்பே பிறந்ததாகக் கொண்டு பங்கு உண்டு. பிறக்காமல் போனால் அந்தப் பங்கே இருந்ததில்லை. இதனால்தான் பிரசவம் ஆகும்வரை பாகப்பிரிவினைப் பத்திரம் போடாமல் நிறுத்திவைப்பது நல்லது.

யார் முதலில்

தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை இரண்டு சூழலில் பார்க்கலாம்.

பெரியபட்டினத்தில் ஒரு வயதான முஸ்லிம் தந்தை. மகன்கள் இருவர், மூத்தவர் கடலில் காணாமல் போகிறார். நான்காம் ஆண்டில் தந்தை இறக்கிறார். முஸ்லிம் வாரிசுச் சட்டத்தில், தந்தைக்கு முன்பே இறந்த மகனின் பிள்ளைகள், வேறு மகன் இருக்கும்போது தாத்தா சொத்தில் பங்கு பெற மாட்டார்கள். மூத்தவர் காணாமல் போன அன்றே இறந்தார் என்றால் அவர் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. தாத்தா இறந்த பிறகும் எங்கோ உயிரோடு இருந்தார் என்றால் அவர் பங்கு பிள்ளைகளுக்கு வரும். காப்பீட்டுக்காக 'அன்றே இறந்தார்' என்று நிரூபிக்கப் பாடுபடும் குடும்பம், தாத்தா சொத்தில் அதே தேதியால் இழக்கிறது. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. முன்னரே இறந்த மகனின் பிள்ளைகள் அவர் இடத்தில் நின்று பங்கு பெறுவார்கள். முஸ்லிம் தாத்தாவுக்கும் வழி இருக்கிறது: வாரிசு அல்லாதவர்களுக்கு 1/3 வரை வஸிய்யத் (உயில்) எழுதலாம், உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக (தானமாக) கொடுக்கலாம். ஜமாத்துப் பெரியவர்கள் இதை நினைவூட்டினால் பேரப்பிள்ளைகள் பிழைப்பார்கள்.

இரண்டாவது சூழல், பலர் ஒன்றாக மடிவது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலையில் போனது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் ரயிலில் எத்தனை பேர் என்பதே தெரியாது. யார் முதலில் உயிர் விட்டார்கள் என்பது எப்படித் தெரியும்? அப்படிப்பட்ட நிலைக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஒரு விதி வைத்திருக்கிறது. வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, வயதில் இளையவர் மூத்தவருக்குப் பிறகு இறந்ததாகக் கொள்ள வேண்டும்.

கேட்கச் சாதாரணமாக இருக்கும். கணக்குப் போட்டால்தான் கூர்மை தெரியும். தந்தையும் மணமான மகனும் ஒன்றாக இறக்கிறார்கள். வீட்டில் மகனின் தாய், ஒரு மகள், பிள்ளையில்லாத மருமகள். 21-ஆம் பிரிவுப்படி தந்தை முதலில் இறந்தார். அவர் சொத்து தாய், மகன், மகள் என்று 1/3 ஆகப் பிரிந்தது. அடுத்த நொடி மகன் இறந்தார். அவரது 1/3 அவர் மனைவிக்கும் தாய்க்கும் பாதிப் பாதி. மருமகளுக்குக் கிடைப்பது 1/6, மாமியாருக்கு மொத்தம் 1/2. மகன்தான் முதலில் இறந்தார் என்று யாராவது சாட்சி சொன்னால், முன்னரே இறந்த மகனின் விதவையாக மருமகளுக்கு முழு 1/3 வந்துவிடும், மாமியாருக்கும் 1/3 மட்டுமே. எங்கோ இருட்டில் ஒரு நொடி முன்பின் ஆனதில் இளம் விதவையின் பங்கு இரட்டிப்பாகிறது.

முஸ்லிம் சட்டத்தின் பெரும்பான்மை மரபுகளில், ஒன்றாக மூழ்கியவர்கள் ஒருவருக்கொருவர் வாரிசு ஆவதில்லை. கிறிஸ்தவர்களுக்கு இளையவர், மூத்தவர் என்ற அனுமானமே இல்லை. பின்னால் இறந்தார் என்று சொல்பவர் நிரூபிக்க வேண்டும். 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்குக் கொடுத்திருக்கும் உதாரணமே கடல்தான்: உயில் எழுதியவரும் உயில்படி பெற வேண்டியவரும் ஒரே கப்பல் விபத்தில் இறந்து, யார் முதலில் என்று தெரியாவிட்டால் அந்தக் கொடை வீழ்ந்துவிடும். அதே சட்டத்தில் இன்னொரு கடல் விதியும் இருக்கிறது. கடலில் இருக்கும் மாலுமி இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாய்மொழியாகவே உயில் சொல்லலாம். ஆனால் அந்தப் பிரிவு இந்துக்களுக்குப் பொருந்தாது. ஒரே கப்பலில் வேலை பார்க்கும் இரு ராமநாதபுரத்துக்காரர்களில் ஒருவரின் கடைசிச் சொல் உயிலாகும், மற்றவருடையது வெறும் பேச்சாகவே நின்றுவிடும்.

ஓர் உயிருக்கு மூன்று விலை

1808-இல் இங்கிலாந்தில் குதிரை வண்டி கவிழ்ந்து மனைவியை இழந்த ஒருவர் வழக்குப் போட்டார். விபத்துக்குப் பிறகு அவர் மனைவி ஒரு மாதம் போல உயிரோடு இருந்தார். அந்த ஒரு மாதத்துக்குத்தான் நஷ்டஈடு கிடைத்தது. ஒரு மனிதரின் சாவு உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டமாகாது என்று நீதிபதி எல்லன்பரோ சொல்லிவிட்டார். காயப்படுத்தினால் பணம் கட்ட வேண்டும், கொன்றுவிட்டால் வேண்டாம் என்ற இந்த விநோதத்தை நீக்க இங்கிலாந்து 1846-இலும் இந்தியா 1855-இலும் சட்டம் போட்டன. நம்முடைய மரண விபத்துகள் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளை ஆகியோருக்காக வழக்குப் போடலாம். அண்ணன் சம்பாத்தியத்தில் இருக்கும் தங்கைக்கு அதில் இடமில்லை.

34 வயது, மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று ஒரு மீனவரை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி மோதி இறந்தால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் 2009, 2017-ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின்படி கணக்குப் போடும்: எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 21,000, அவருடைய சொந்தச் செலவுக்கு 1/4 கழித்து 15,750, ஆண்டுக்கு 1,89,000, வயதுக்கேற்ற பெருக்கு எண் 16. மொத்தம் 30,24,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச்சடங்கு போன்ற தலைப்புகளில் சிறு தொகைகள்.

அதே ஆள் படகில் வேலை செய்யும்போது வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கி இறந்தால், தொழிலாளர் இழப்பீட்டுக் கணக்கு. 1923-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. கணக்கு முறை பழையதுதான். கூலியில் பாதி 7,500, வயதுக்கான எண் 199.40, தொகை 14,95,500. சம்மாட்டி, அதாவது படகு உரிமையாளர் மேல் தவறு இருக்க வேண்டியதில்லை. ஆனால் சண்டை வேறு இடத்தில் வரும். இங்கே கூலி என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது, பிடிப்பில் பங்குதான். பங்கு வாங்குபவர் தொழிலாளியா, கூட்டாளியா? கூட்டாளி என்று ஆகிவிட்டால் இழப்பீடு இல்லை. முன்பணம் யார் கொடுத்தது, எங்கே எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்தது யார் என்பதை வைத்து வாதிட வேண்டும்.

எந்த லாரியும் இல்லாமல், எந்த வின்ச்சும் இல்லாமல், அலையில் அடித்துப் போய்விட்டால் மத்திய அரசின் மீனவர் குழு விபத்துக் காப்பீடு: 5,00,000 ரூபாய். ஆக, உயிரின் மதிப்பை நிர்ணயிப்பது இறந்தவர் அல்ல, பணம் கட்ட எதிரே யார் நிற்கிறார் என்பதுதான். சரக்குக் கப்பல் மோதியிருந்தால் கப்பல் வழக்குகளுக்கான 2017-ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டப்படி உயர் நீதிமன்றம் மூலம் கப்பலையே நிறுத்திவைக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் ஒரு பொறி. 1855-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குப் போட, இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான் கெடு. 7 ஆண்டு காத்திருந்துவிட்டு, காணாமல் போன அன்றே இறந்தார் என்று சொல்லிப் போனால் கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

கடன், பவர், நாமினி

சம்மாட்டியிடமோ வியாபாரியிடமோ வாங்கிய முன்பணம் மனைவி தலையில் விழுமா? விழாது. இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்து அளவுக்கு மட்டுமே வாரிசுகளைக் கட்டும். தந்தையின் கடனை அடைப்பது மகனின் சமயக் கடமை என்ற பழைய இந்துச் சட்ட விதியும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது. சொத்தே இல்லையென்றால் கடனும் அங்கேயே முடிகிறது. அதை அடைக்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் புதிதாகப் பாண்டு எழுதி வாங்கினால் அது அவருடைய கடனாகிவிடக்கூடும். இழவு வீட்டில் நீட்டப்படும் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

பவர் பத்திரம் கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்தது. கூட்டு வணிகத்தில் ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் கூட்டாளி இறப்போடு கூட்டே கலையும். நாமினி விஷயத்தில்தான் வீட்டுச் சண்டை அதிகம். கல்யாணத்துக்கு முன்பு தாயின் பெயரைக் கொடுத்துவிட்டு மாற்றாமலே போய்விடுகிறார்கள். வங்கிப் பணத்தைப் பொறுத்தவரை நாமினி வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமையாளர் அல்ல. வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், துணைவர், பிள்ளை நாமினியாக இருந்தால் பொதுவாகப் பணம் அவர்களுக்கே. ஒரே தாய், ஒரே மகன். ஒரு தாளில் பொறுப்பாளர், இன்னொரு தாளில் சொந்தக்காரர்.

வழக்கை எப்படிப் போடுவது

காணாமல் போன அன்றே கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். அதில் 'காணவில்லை' என்று மட்டும் எழுதாமல், எந்த இடத்தில், என்ன காற்றில், யார் கண்முன் என்பதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். கூட இருந்தவர்களின் வாக்குமூலம் அந்த வாரமே பதிவாவது நல்லது. அடுத்த சீசனில் அவர்கள் வேறு படகில், வேறு ஊரில் இருப்பார்கள். டோக்கன் நகல், மண்டபம் கடலோரக் காவல் படை தேடிய பதிவு, வானிலை எச்சரிக்கை, சங்கத்தின் கடிதம் ஆகியவை துணை ஆவணங்கள்.

அதற்குப் பிறகு ராமநாதபுரத்திலோ திருவாடானையிலோ, அதிகார எல்லைக்குட்பட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு, அதாவது ஒரு நிலையை நீதிமன்றம் அறிவிக்கக் கேட்கும் வழக்கு. இறந்துவிட்டார் என்று மட்டும் கேட்காமல், இன்ன தேதியில் இறந்தார் என்றும் கேட்க வேண்டும். கேட்காத தேதியை நீதிமன்றம் தானாகத் தராது. 7 ஆண்டு முடிந்துவிட்டது என்பதை மாற்று வாதமாக வைத்துக்கொள்ளலாம். 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டப்படி, இப்படிப்பட்ட தீர்ப்பு வழக்கில் தரப்பாக இருந்தவர்களையும் அவர்கள் வழி வருபவர்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும். மாவட்ட ஆட்சியரையும் பதிவாளரையும் மட்டும் பிரதிவாதியாக்கி வாங்கிய தீர்ப்பைக் காட்டினால், 'நாங்கள் அதில் தரப்பு இல்லையே' என்று காப்பீட்டு நிறுவனம் சொல்ல முடியும். அவர்களையும், கணக்கு இருக்கும் வங்கியையும், மற்ற வாரிசுகளையும் முதல் நாளே சேர்த்துவிட வேண்டும்.